பெஞ்சமின் லீயை அமெரிக்கா கொன்னுச்சா? அவர் உண்மையில என்னதான் பண்ணாரு?

கேள்வி இதுதான்: கொரியாவுல பொறந்து அமெரிக்காவுல பிசிக்ஸ் புரொபசரா இருந்த பெஞ்சமின் லீங்கறவரு தன் நாட்டுக்கு அணுகுண்டு செய்ய ரகசியமா உதவினாராம், அதனால சிஐஏ ஒரு ஆக்சிடென்ட்டை செட் பண்ணி முடிச்சுட்டாங்களாம், இருந்திருந்தா நோபல் வாங்கியிருப்பாராம், இதுல எது நிஜம்?

சுருக்கமா சொன்னா ஆக்சிடென்ட் நிஜம், அணுகுண்டு சுத்த கட்டுக்கதை, நோபல் பத்தி கடைசில சொல்றேன். ஆனா எனக்கு இதுல கடுப்பு என்னன்னா, இந்த மனுஷன் பேரை தேடுனா முதல்ல வந்து நிக்கிறது அந்த குண்டு கதைதான், அவர் செஞ்ச வேலை எங்கயோ பின்னாடி கெடக்கு. அந்த வேலையை தெரிஞ்சுகிட்டா குண்டு கதை தானா உதிர்ந்துடும், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

கொரியப் பேரு லீ ஹ்வி-சோ. 1935 ஜனவரி 1, சியோல்ல பொறந்தாரு, அப்போ கொரியா ஜப்பான்காரன் கையில இருந்துச்சு. அம்மா டாக்டர், வீடு ஓடுனது பெரும்பாலும் அவங்க சம்பாத்தியத்துலதான். இவர்தான் மூத்த பையன். அந்த ஊர்லயே டாப்பான ஸ்கூல்னு சொல்ற கியோங்கில படிச்சிட்டு இருக்கும்போது 1950 ஜூன்ல போர் வெடிச்சுது, சியோல் காலியாச்சு, எல்லாரும் தெற்க பூசானுக்கு ஓடுனாங்க. சியோல் தேசிய பல்கலைக்கழகமும் பூசானுக்கே எடம் மாறி தற்காலிக கொட்டகைகள்ல கிளாஸ் நடத்திட்டு இருந்துச்சு. இவர் ஸ்கூல் படிப்பை முழுசா முடிக்கிறதுக்கு முன்னாடியே தகுதித் தேர்வு எழுதி 1952ல அங்க சேர்ந்தாரு, ஆனா கெமிக்கல் இன்ஜினியரிங்ல. அழிஞ்சு போன நாடு, ஃபேக்டரி கட்டணும், இன்ஜினியர் ஆனாதான் சோறுன்னு இருந்த காலம், நம்ம ஊரு அப்பா அம்மா யோசிக்கிற அதே கணக்குதான். உள்ள போய் கொஞ்ச நாள்லயே தனக்கு வேண்டியது பிசிக்ஸ்தான்னு புரிஞ்சுருச்சு, டிபார்ட்மென்ட் மாத்திக் கேட்டா முடியாதுன்னுட்டாங்க.

வழி வந்தது யாரும் எதிர்பார்க்காத எடத்துல இருந்து. கொரியாவுல சண்டை போட்ட அமெரிக்க ராணுவ ஆபீசர்களோட மனைவிமாரு சேர்ந்து ஒரு ஸ்காலர்ஷிப் வச்சிருந்தாங்க, அதுல தேர்வாகி 1955ல அமெரிக்கா கிளம்பிட்டாரு. போன எடம் மயாமி யுனிவர்சிட்டி. பேரை பாத்துட்டு ஃப்ளோரிடா பீச்சுன்னு நெனைக்காதீங்க, இது ஓஹயோ மாநிலத்துல ஆக்ஸ்ஃபர்டுங்கற சின்ன ஊர்ல இருக்கிற காலேஜ் (ஊர் பேரு ஆக்ஸ்ஃபர்டு, காலேஜ் பேரு மயாமி). நேரா மூணாவது வருஷத்துல சேர்ந்து 1956லயே உச்சபட்ச கௌரவத்தோட டிகிரி முடிச்சாரு. பெஞ்சமின்ங்கற பேரு பெஞ்சமின் ஃபிராங்க்ளினை நெனச்சு வச்சுகிட்டதுன்னு சொல்வாங்க, ஆனா பிசிக்ஸ் உலகத்துல எல்லாருக்கும் அவர் பென் லீதான்.

இங்க ஒன்னு சொல்லணும். இப்போ அமெரிக்காவுல கொரியன் புரொபசர்னா யாரும் திரும்பி பாக்க மாட்டாங்க, அப்போ அப்படி இல்ல. 1952ல போட்ட குடியேற்ற சட்டப்படி கொரியாவுக்கு ஒதுக்குனது வருஷத்துக்கு 100 பேர்தான். அந்த நாடு வாரி கோட்டாவையே எடுக்க 1965ல புது சட்டம் வர வேண்டியிருந்துச்சு. அதனால 50கள்ல ஸ்டூடண்டா வந்த கொரியப் பசங்களுக்கு படிப்பு முடிஞ்சா அடுத்து என்னங்கறதே பெரிய கேள்வி, திரும்பிப் போனா தியரிட்டிக்கல் பிசிக்ஸ் பண்ண ஆளும் கெடையாது, ஜர்னல் கூட ஒழுங்கா வராது. இவர் நல்லா வேலை செய்ய ஆரம்பிச்சதால தப்பிச்சாரு. பிட்ஸ்பர்க்ல மாஸ்டர்ஸ், அங்க இருந்த வாத்தியார் இந்த பையன் இங்க இருக்க வேண்டியவன் இல்லன்னு பென்சில்வேனியா யுனிவர்சிட்டில ஏப்ரகாம் க்ளைன்கிட்ட அனுப்பி விட்டாரு, அங்க பிஹெச்டி முடிச்சு அங்கயே வேலைக்கும் சேர்ந்தாச்சு. நடுவுல ஒரு வருஷம் பிரின்ஸ்டன் இன்ஸ்டிட்யூட்ல இருந்தாரு. அங்க இவரு நாற்காலிய விட்டு எந்திரிக்காம உக்காந்தே கெடந்ததால உள்ளாடை மக்கிப் போனவன்னு கிண்டல் பேரு வச்சாங்கன்னு கொரியாவுல ஒரு கதை சொல்வாங்க, நிஜமோ பொய்யோ, ஆள் எப்படின்னு அதுல தெரியுது. 1962ல கல்யாணம், பொண்ணு மலேசியாவுல இருந்து வந்த சீன வம்சாவளி, ரெண்டு குழந்தைங்க. 1966ல நியூயார்க் பக்கம் ஸ்டோனி ப்ரூக்ல பிசிக்ஸ்ல பெரிய தலையான சி. என். யாங் வந்து உக்காந்தாரு, அந்த வருஷமே இவரும் அங்க மாறினாரு. 1968ல அமெரிக்கக் குடியுரிமை.

இப்ப பிசிக்ஸுக்கு வரேன். பயப்படாதீங்க, ஃபார்முலா இல்ல.

1964 மார்ச்ல க்ளைனும் லீயும் சேர்ந்து ஒரு சின்ன பேப்பர் போட்டாங்க. அப்போ இருந்த பிரச்சனை என்னன்னா, ஒரு தியரில சிமெட்ரி (சமன்பாடுகள்ல இருக்கிற சமச்சீர்) தானா உடையுதுன்னா அங்க எடையே இல்லாத ஒரு துகள் கட்டாயம் வரணும்னு ஒரு தேற்றம் சொல்லுச்சு, ஆனா அப்படி ஒரு துகளை யாரும் பாத்ததில்ல. இவங்க ரெண்டு பேரும் சூப்பர்கண்டக்டர்ல அந்த தேற்றத்துக்கு டிமிக்கி குடுக்க வழி இருக்கு, மத்த எடத்துலயும் இருக்கலாம்னு எழுதுனாங்க. வால்டர் கில்பர்ட்டுன்னு ஒருத்தர் (பின்னாடி இவரே கெமிஸ்ட்ரில நோபல் வாங்குனாரு) அதெல்லாம் ரிலேட்டிவிட்டி வந்துட்டா செல்லாதுன்னு பதில் போட்டாரு. எடின்பரோவுல ஒரு வாத்தியார் கில்பர்ட்டோட பதிலை படிச்சுட்டு, இதுல ஓட்டை இருக்கேன்னு அதே வருஷ கோடைல ஒரு பேப்பர் எழுதுனாரு. அவர் பேரு பீட்டர் ஹிக்ஸ். ஆக ஹிக்ஸ் போசான் (மத்த துகள்களுக்கு எடை வர்றதோட சம்பந்தப்பட்ட துகள்) கதையோட முதல் அத்தியாயத்துலயே லீ இருக்காரு, ஆனா யாரும் சொல்றதில்ல.

அடுத்த கட்டம்தான் என்னோட பார்வைல அவர் வாழ்க்கைலயே முக்கியமானது. 1967ல ஸ்டீவன் வைன்பர்க்ங்கற பிசிசிஸ்ட் எலக்ட்ரோவீக் தியரிய (மின்காந்த விசையையும் வீக் விசையையும் ஒன்னா சேர்க்கிற தியரி) எழுதிட்டாரு, அப்துஸ் சலாமும் அதேபோல. ஆனா வருஷக்கணக்கா அதை ஒருத்தரும் சீண்டல, ஏன்னா அந்த மாதிரி தியரில கணக்கு போட்டா விடை முடிவிலின்னு வந்து நிக்கும், அதை ஒழுங்கா கழிச்சு உருப்படியான நம்பர் எடுக்க முடியும்னு யாரும் நிரூபிக்கல. அந்த கழிக்கிற வித்தைக்குத்தான் ரீநார்மலைசேஷன்னு பேரு. 1970 கோடைல ஃபிரான்ஸோட கோர்சிகா தீவுல கார்ஜேஸ்ங்கற கடற்கரை ஊர்ல ஒரு சம்மர் ஸ்கூல். லீ அங்க பாடம் எடுக்கறாரு, சிக்மா மாடல்னு ஒரு எளிய தியரில சிமெட்ரி உடைஞ்சாலும் ரீநார்மலைசேஷன் உடையாதுன்னு காட்டறாரு. கீழ உக்காந்திருந்த டச்சுக்கார ஸ்டூடண்ட் ஒருத்தன், பேரு ஜெரார்ட் ஹூஃப்ட், லீகிட்டயும் இன்னொரு வாத்தியார் சிமான்சிக் கிட்டயும் போய் இதையே யாங்-மில்ஸ் தியரிக்கும் (வைன்பர்க் எழுதுனது அந்த வகைதான்) பண்ண முடியாதான்னு கேக்கறான். அதுக்கு அவங்க நீ வெல்ட்மனோட ஸ்டூடண்ட் தானே, அவரையே கேளுன்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம். பையன் போய் கேட்டான், 1971ல செஞ்சும் காட்டிட்டான்.

இதுல பெரிய மனுஷங்களே செய்யாத ஒன்னை லீ செஞ்சாரு. தன் பாடத்துல உக்காந்திருந்த ஸ்டூடண்ட் தன்னை தாண்டி போயிட்டான்னு முகத்தை தூக்கிட்டு போகல, அந்த பேப்பரை எடுத்து வரி வரியா பிரிச்சு மத்தவங்களுக்கு புரியிற பாஷைல திருப்பி எழுதுனாரு. வைன்பர்க் தன்னோட நோபல் உரைலயே சொல்றாரு, ஹூஃப்ட் பேப்பரை முதல்ல பாத்தப்போ எனக்கு நம்பிக்கை வரல, அதுல இருந்த முறை எனக்கு பழக்கம் இல்ல, பென் லீயோட பேப்பர் வந்ததுக்கு அப்புறம்தான் இது நிரூபணம் ஆயிடுச்சுன்னு ஏத்துகிட்டேன்னு. தன்னோட தியரி சரின்னு வைன்பர்க்கே நம்புனது லீ சொல்லித்தான்னா பாத்துக்கோங்க. 2004ல நோபல் வாங்குன டேவிட் பொலிட்சரும் தன் உரைல, அந்த காலத்துல பெரும்பாலானவங்க இதையெல்லாம் கத்துகிட்டது பென் லீகிட்ட இருந்துதான்ங்கற மாதிரி பேசியிருக்காரு. 1972ல ஜான் ஜின்-ஜுஸ்டின்கூட சேர்ந்து வரிசையா பேப்பர் போட்டு நிரூபணத்தை முழுசா கட்டுனாரு, அடுத்து ஏபர்ஸ் கூட ஒரு நீளமான ரிவ்யூ, அதை ஜெராக்ஸ் போட்டு படிச்சு வந்த தலைமுறை ஒன்னு இருக்கு. அதே 1972ல ஃபெர்மிலேப்ங்கற துகள் ஆராய்ச்சிக் கூடத்துல நடந்த பெரிய மாநாட்டுல இந்த துறையை தொகுத்து பேசுனவரும் இவர்தான், அங்க தடவைக்கு தடவை ஹிக்ஸ் ஹிக்ஸ்னே சொன்னதால அந்த பேரு ஒட்டிகிச்சு. ப்ரௌட், எங்க்லெர்ட், குரால்னிக், ஹேகன், கிப்பிள்னு இன்னும் அஞ்சு பேருக்கு அதுல பங்கு உண்டு, அவங்களுக்கு அது வருத்தம்தான், ஹிக்ஸே அதுல கொஞ்சம் கூச்சப்பட்டவர்தான்.

1973ல சிகாகோ பக்கத்துல பட்டாவியால இருக்கிற ஃபெர்மிலேப்ல தியரி குரூப்புக்கு தலைவரா கூப்பிட்டாங்க, கூடவே சிகாகோ யுனிவர்சிட்டில புரொபசர் (நம்ம சந்திரசேகர் இருந்த அதே யுனிவர்சிட்டி). இங்க வந்ததும் வேலை மாறுது. சுத்தி எல்லாம் எக்ஸ்பரிமெண்ட் ஆளுங்க, மெஷின் புதுசு, எங்க தேடணும்னு சொல்ல ஒருத்தர் வேணும். அந்த சமயம் அங்க ஒரு வருஷம் வந்து தங்குன மேரி கேயார்டும் இவரும் உக்காந்து போட்ட கணக்கு இருக்கே, அது ஒன்னு போதும்.

அப்போ தெரிஞ்ச குவார்க் (புரோட்டான் மாதிரி துகள்களுக்கு உள்ள இருக்கிற குட்டித் துகள்) மூணு. நாலாவது ஒன்னு இருக்கணும், பேரு சார்ம்னு கிளாஷோ குரூப் சொல்லியிருந்துச்சு. காரணம் என்னன்னா, கேயான்னு ஒரு துகள் ரெண்டு மியூவானா உடையறது தியரிப்படி அடிக்கடி நடக்கணும், ஆனா ரொம்ப ரொம்ப அபூர்வமாத்தான் நடக்குது. நாலாவது குவார்க் இருந்தா ரெண்டு வழியா வர்ற பங்களிப்பு ஒன்னை ஒன்னு அடிச்சுக்கும், தராசுல ரெண்டு தட்டுலயும் சமமா எடை வச்ச மாதிரி. ஆனா சார்ம் குவார்க்கும் அப் குவார்க்கும் ஒரே எடையா இருந்தாதான் முள்ளு நடுவுல நிக்கும், சார்ம் கனமா இருந்தா கொஞ்சம் சாயும். அந்த சாய்வுதான் நியூட்ரல் கேயான் ரெண்டு வகைக்கும் நடுவுல இருக்கிற துளியூண்டு எடை வித்தியாசமா வெளிய தெரியுது. கேயார்டும் லீயும் அந்த துளிய எடுத்து பின்னோக்கி கணக்கு போட்டு சார்மோட எடை கிட்டத்தட்ட 1.5 ஜிஇவி இருக்கும்னு எழுதுனாங்க, அதாவது புரோட்டானை விட ஒன்றரை மடங்கு. பாக்காத துகளை, அது விட்டுட்டுப் போன மிச்சத்தை வச்சு எடை போட்டிருக்காங்க. ரோஸ்னரையும் சேர்த்துகிட்டு எங்க எப்படி தேடணும்னு இன்னொரு நீள பேப்பரும் 1974 கோடைலயே ரெடி. அந்த நவம்பர்ல சாமுவேல் டிங் குரூப்பும் பர்ட்டன் ரிக்டர் குரூப்பும் தனித்தனியா 3.1 ஜிஇவில ஒரு புது துகளை அறிவிச்சாங்க, சார்மும் அதோட எதிர் சார்மும் சேர்ந்தது. 1.5ஐ ரெண்டால பெருக்குங்க. எக்ஸ்பரிமெண்ட் செஞ்ச ரெண்டு பேருக்கும் 1976ல நோபல்.

1977தான் கடைசி வருஷம், ஆனா அந்த அஞ்சாறு மாசத்துல மட்டும் ரெண்டு பேப்பர். க்விக், தாக்கர் ரெண்டு பேரோட ஒன்னு: ஹிக்ஸோட எடை சுமார் 1 டிஇவிக்கு (அதாவது 1000 ஜிஇவி) மேல போனா கணக்குல நிகழ்தகவு ஒன்னை தாண்டிடும், அப்படின்னா ஒன்னு அதுக்கு கீழ ஹிக்ஸ் இருக்கணும், இல்ல அங்க வேற ஏதாவது புதுசா தலை காட்டணும்னு சொல்லுச்சு. ஜெனீவால எல்எச்சிங்கற துகள்களை மோதவிடுற மெஷினை கட்டும்போது இவ்ளோ காசு போட்டா கண்டிப்பா ஏதாவது கிடைக்குமான்னு கேட்டவங்களுக்கு குடுத்த பதில்ல இந்த வாதம்தான் முதுகெலும்பு, 2012ல 125 ஜிஇவில ஹிக்ஸ் கிடைச்சது. இன்னொன்னு வைன்பர்க் கூட: கனமான நியூட்ரினோ (எதுகூடவும் லேசுல ஒட்டாத துகள்) மாதிரி ஒரு நிலையான துகள் இருந்தா அது சுமார் 2 ஜிஇவிக்கு மேல இருந்தாகணும், இல்லன்னா பிரபஞ்சத்துல இருக்கிற மொத்த பொருளும் கணக்குக்கு மீறி போயிடும்னு. டார்க் மேட்டரை (பிரபஞ்சத்துல கண்ணுக்கு தெரியாம இருக்கிற பொருள்) தேடுறவங்க இன்னைக்கும் அதை லீ-வைன்பர்க் எல்லைன்னுதான் சொல்றாங்க. அது அச்சுல வந்தது 1977 ஜூலை 25. அவர் பாக்கல.

ஜூன் 16. கொலராடோல ஆஸ்பென் மலை ஊர்ல ஃபெர்மிலேப் கமிட்டி மீட்டிங், குடும்பத்தோட கார்ல கிளம்பியிருக்காரு, மனைவி, ரெண்டு பசங்க. இல்லினாய் மாநிலத்துல கெவானீ ஊர் பக்கம், இன்டர்ஸ்டேட் 80ல, எதிர் பக்கம் வந்த பெரிய டிரக் கட்டுப்பாடு இழந்து நடு மீடியனை தாண்டி வந்து கார் மேல மோதுச்சு. மத்த மூணு பேரும் பொழச்சாங்க, இவர் போயிட்டாரு. வயசு 42.

இப்ப அந்த குண்டு. கதைக்கு ஒரு விதை இருக்குங்கறதை மறுக்க மாட்டேன். தென்கொரிய அதிபர் பார்க் சுங்-ஹீ 70கள்ல நிஜமாவே ரகசியமா அணு ஆயுதத்துக்கு முயற்சி பண்ணாரு, ஃபிரான்ஸ்கிட்ட ரீபிராசஸிங் பிளாண்ட் (எரிஞ்ச அணு எரிபொருள்ல இருந்து புளுட்டோனியத்தை பிரிக்கிற ஆலை) வாங்க பேசுனாரு, அமெரிக்கா கழுத்தை நெரிச்சதுல 1976 ஆரம்பத்துலயே அந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டுச்சு. அடுத்த வருஷம் கார்ட்டர் வந்து கொரியாவுல இருந்து படையை எடுக்கப் போறேன்னாரு, அந்த வருஷமே உலகத்துக்கு தெரிஞ்ச ஒரே கொரிய பிசிசிஸ்ட் ரோட்ல செத்தாரு. ரெண்டையும் முடிச்சு போட ஆளா இல்ல. 80கள் கடைசில இருந்து நாவல்கள் வர ஆரம்பிச்சுது, 1993ல வந்த ஒன்னு லட்சக்கணக்குல வித்துச்சு, சினிமாவும் ஆச்சு. காலை அறுத்து உள்ள டிசைனை ஒளிச்சு கொண்டு வந்தாருன்னு எல்லாம் கதை உண்டு. குடும்பம் கோர்ட்டு வரைக்கும் போச்சு, ஆனா கதை நின்ன பாடில்ல.

நிஜத்துல பார்க் ஆட்சியே இவருக்கு ஆகாது. கொரியாவுல ஒரு சம்மர் ஸ்கூல் நடத்தலாம்னு ஆசையா திட்டம் போட்டவரு, 1971 அக்டோபர்ல அரசாங்கம் காலேஜுக்குள்ளயே ராணுவத்தை இறக்கி பசங்களை அடிச்சதுக்கு அப்புறம் முடியாதுன்னு கை விட்டுட்டாரு. ஏறக்குறைய இருபது வருஷம் கழிச்சு 1974ல ஊருக்கு போனது கூட சியோல் யுனிவர்சிட்டில மேல்படிப்பை மேம்படுத்த அமெரிக்கக் கடனுதவி குடுக்கலாமான்னு பாக்கற குழுவுல ஒருத்தரா. வேலை முடிஞ்சதும் திரும்பிட்டாரு. தவிர குண்டு செய்ய வேண்டியது யுரேனியத்தையும் புளுட்டோனியத்தையும் பிரிக்கத் தெரிஞ்ச கெமிஸ்ட், வெடிமருந்து ஆள், மெட்டலர்ஜி ஆள். கேஜ் தியரி (யாங்-மில்ஸ் மாதிரி தியரிங்க) தெரிஞ்சவரை கூட்டிட்டு வந்து என்ன பண்றது, கரும்பலகைல முடிவிலியை கழிச்சு காட்டுவாரு, அவ்ளோதான். நியூக்ளியர் பிசிக்ஸும் பார்ட்டிகிள் பிசிக்ஸும் வேற வேறன்னு பத்திரிகைக்காரங்களுக்கு எந்த ஊர்லயும் புரியறதில்ல.

நோபல் மேட்டர். 1979 பரிசு கிளாஷோ, சலாம், வைன்பர்க் மூணு பேருக்கு, ஒரு பரிசுல மூணு பேருக்கு மேல குடுக்க விதி கெடையாது, அதுல இவருக்கு எடமே இல்ல. வாய்ப்பு இருந்தது 1999ல. ரீநார்மலைசேஷனுக்கு ஹூஃப்ட், வெல்ட்மன் ரெண்டு பேருக்கு மட்டும் குடுத்தாங்க, மூணாவது நாற்காலி காலியாத்தான் கெடந்துச்சு. லீ இருந்திருந்தா 64 வயசு, அவருக்குத்தான் அதுன்னு கொரியாவுல அடிச்சு சொல்வாங்க. எனக்கு அவ்ளோ உறுதி இல்ல, ஏன்னா அதே நிரூபணத்தை லீ கூட உக்காந்து எழுதுன ஜின்-ஜுஸ்டின் 1999ல உயிரோட நல்லாத்தான் இருந்தாரு, அவரை கமிட்டி கூப்பிடல.